சமூகப் பணியாளரிடம் உதவி கேட்கும்போது இளையோர் செய்யும் தவறுகள்

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்வேன்." பலர் பேச்சை இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பொறுப்பான சமூகப் பணியாளர் யாரும் அந்தச் சத்தியத்தைச் செய்ய மாட்டார். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி அவரோடும் அவருடைய மேலதிகாரியோடும் நின்றுவிடும். ஆனால் உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு அடி உதை, பாலியல் தொல்லை என்று தெரிந்தாலோ அவர் உரிய இடத்தில் சொல்லியாக வேண்டும். பல நாடுகளில் அது சட்டக் கடமை. இது தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "காட்டிக் கொடுத்துட்டாங்க" என்று நொந்துபோகிறவர்கள் உண்டு. முதல் நாளே நேராகக் கேட்டுவிடுங்கள்: "நான் சொல்றதுல எதெல்லாம் வெளியே போகும்? போறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்வீங்களா?"

அதற்குப் பயந்து மழுப்புவது இன்னும் மோசம். "வீட்ல கொஞ்சம் பிரச்சினை" என்றால் அவருடைய நோட்டில் ஏறுவதும் அவ்வளவுதான். "போன வாரம் ரெண்டு ராத்திரி கதவைத் திறக்கலை, படிக்கட்டுலதான் படுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். இன்றிரவு எங்கே தங்குவது என்பதிலிருந்து அவர் வேலையைத் தொடங்குவார். வாய் வரவில்லையா, தாளில் எழுதி நீட்டுங்கள்.

மாத்திரை எழுதித் தருவது அவர் வேலை இல்லை; மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்.

உங்களைப் பற்றி முடிவெடுக்கப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்கவும் சொல்கிறது. நீங்கள் கேட்டதே நடக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் "எனக்கு இது சரியா படலை" என்பது பதிவாக வேண்டும். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துவரலாமா என்றும் கேளுங்கள்.

ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக உதவியையே விட்டுவிடாதீர்கள். வேறு ஆள் வேண்டும் என்று கேட்கலாம், உடனே கிடைக்காமல் போகலாம். சொல்லாமல் கொள்ளாமல் சந்திப்புக்குப் போகாமல் விட்டால், உங்களுக்கு விருப்பமில்லை என்று உங்கள் ஃபைலையே மூடிவிடக்கூடும். வர முடியாவிட்டால் ஒரு மெசேஜ் போதும்.

இன்றே ஆபத்து என்றால் மட்டும் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ குழந்தைகளுக்கான உதவி எண்ணையோ உடனே அழையுங்கள்.