பழைய ஃபோர்டு எஃப்-250 பிக்கப்புக்கு டயரும் ரிம்மும் மாற்றுவது எப்படி?

1970-களின் எஃப்-250 வைத்திருப்பவர் எவரும் ஒருநாள் டயர் கடையில் இந்தப் பதிலைக் கேட்டே தீரவேண்டும்: "பதினாறரை இஞ்சா? அதுக்கு டயர் வர்றதில்லையே!" என் வண்டி 1972 மாடல். அந்தக் காலத்து முக்கால் டன் (சுமார் முக்கால் டன் சுமை ஏற்றும் வகை) பிக்கப்புகள் பலவற்றில் 16.5 அங்குல ரிம்தான். இப்போது அந்த அளவில் சாலைக்கு ஏற்ற நல்ல டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய ராணுவ ஹம்வீ டயர்கள் 16.5-தான், ஆனால் 37 அங்குல உயரம். அதை இந்த வண்டியில் மாட்டினால் பம்பரும் ஃபெண்டரும் மிஞ்சாது. ஆகவே டயரைத் தேடி அலையாதீர்கள், ரிம்மையே 16 அங்குலத்துக்கு மாற்றிவிடுங்கள். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஜாக்கி போடுவது, கட்டை கொடுப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

டயரில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ரிம்மைப் படியுங்கள். காற்று அடிக்கும் வால்வுத் துளையைச் சுற்றியோ, நடுத்தட்டிலோ எண் அச்சடித்திருக்கும். ஐம்பது வருடப் பெயின்ட் அதை மூடியிருக்கும். கம்பி பிரஷால் மெதுவாகச் சுரண்டினால் 16.5, அதையடுத்து அகலம் 6.00 என்று தெரியவரும். புள்ளியும் ஐந்தும் துருவில் மறைந்து வெறும் 16 போலத் தெரிவதுண்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 16 அங்குல டயர் 16.5 ரிம்மில் ஏறிவிடும். ஏறும், ஆனால் உட்காராது. 16 ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடம் 5 டிகிரிச் சரிவு, 16.5-இல் 15 டிகிரி. விளிம்பு பொருந்தவில்லையே என்று காற்றைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உள்ளேயிருக்கும் கம்பி வளையம் அறுந்து டயர் வெடிக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 16 அங்குல ரிம்மில் மட்டுமே மாட்டவும் என்ற எச்சரிக்கை பல டயர்களின் பக்கவாட்டிலேயே இருப்பது இதனால்தான்.

உங்கள் ரிம்மில் ஓரத்தில் தனியாகக் கழலும் வளையம் இருந்தால், அதாவது லாக் ரிங் வைத்த ரிம் என்றால், வீட்டில் தொடவே வேண்டாம். இரும்புக் கூண்டு வைத்துக் காற்றடிக்கும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

புது ரிம் வாங்கும்போது மூன்று அளவு

ஒன்று, பிசிடி, அதாவது போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். எட்டு போல்ட், எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் 6.5 அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். 1999-இலிருந்து வந்த ஃபோர்டு சூப்பர் டூட்டி வண்டிகளிலும் எட்டு போல்ட்தான், ஆனால் அது 170 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மாட்டினால் சேராது. மையத்தைக் குறிவைத்து டேப் பிடித்தால் ஐந்து மில்லிமீட்டர் எளிதாகத் தவறும். ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் மையத்தைத் தேட வேண்டியதில்லை.

இரண்டு, நடுத்துளை. எனக்கு வேலை நின்றுபோன இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய இரும்புக் கடைகளில் ஷெவர்லே முக்கால் டன் ரிம் மலிவாகக் கிடைக்கும். அதற்கும் எட்டு போல்ட், அதே 6.5. முன் சக்கரத்தில் மாட்டினால் அழகாக உட்காரும். சரி, வேலை முடிந்தது என்று பின்னால் போனால் போல்ட்டெல்லாம் துளையில் நுழையும், ரிம் மட்டும் பிரேக் டிரம்மைத் தொடாமல் நிற்கும். எஃப்-250-இன் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. வண்டியின் பாரத்தை ஆக்சில் தண்டு தாங்குவதில்லை, ஹப் தாங்குகிறது. அந்தக் கனத்த ஹப் சக்கரத்தின் நடுவில் குழாய் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபோர்டு ரிம்மின் நடுத்துளை சுமார் 4.9 அங்குலம், ஷெவர்லேயில் பல ரிம்களுக்கு 4.6 அங்குலம். அந்த 0.3 அங்குலம்தான் தடை.

நட்டை முறுக்கினால் இழுத்துக்கொள்ளும் என்று தோன்றும். ரிம் கொஞ்சம் வளைந்து உட்கார்ந்தது போலக் காட்டவும் செய்யும். ஆனால் ஓட ஓட நட் தளரும், அப்புறம் ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) முறியும். ஆகவே கடைக்குப் போகும் முன் பின் ஹப்பின் விட்டத்தை காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால், 1997 வரை வந்த எட்டு போல்ட் எஃப்-250-இன் 16 அங்குல இரும்பு ரிம்மைத் தேடுவதே நல்லது. அலாய் ரிம் பக்கமே போகமாட்டேன். இந்த வண்டிக்கு அது கோமாளித் தொப்பி.

மூன்று, நட் உட்காரும் குழி. நட்டின் கூம்பு முகமும் ரிம்மின் குழியும் ஒரே சரிவாக இருக்கவேண்டும். ஒரு நட்டைக் கையால் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் தொட்டு ஆடினால், ரிம்முக்கு ஏற்ற நட் தனியாக வாங்குங்கள்.

டயர்

எல்டி (லைட் டிரக், அதாவது இலகுரக டிரக்) என்று தொடங்கும் டயர், சுமைப் பிரிவு ஈ. கார் டயர் வேண்டாம். பழைய டயரின் உயரத்தை அளந்து அதற்கு நெருக்கமாக எடுங்கள். எல்டி225/75ஆர்16 சுமார் 29.3 அங்குலம், எல்டி215/85ஆர்16 சுமார் 30.4, எல்டி235/85ஆர்16 சுமார் 31.7. என் விருப்பம் நடுவில் உள்ளது. ஒல்லியாக, உயரமாக, பழைய டிரக்கின் களை கெடாமல் இருக்கும். பழையது 29.5 என்றால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62 போவீர்கள், அவ்வளவுதான்.

டயரின் வயது, பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தில் இருக்கிறது: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) எவ்வளவு மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கடைக்காரரிடம் வால்வையும் சொல்லிவிடுங்கள். வழக்கமான ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ-க்கு மேல் தாங்காது. ஈ பிரிவு டயர் 80 வரை போகும். உயர் அழுத்த வால்வு, அல்லது உலோக வால்வு கேளுங்கள்.

கழற்றுவது, மாட்டுவது

நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது. சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மழித்துவிடும். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். மாட்டுவதற்கு கையும், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரென்ச்சும்.

ரிம் டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் முன்பக்கம் அடிக்காதீர்கள். நட்டுகளை இரண்டு சுற்று விட்டு மாட்டி, வண்டியை இறக்கி, லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும்.

மாட்டும் முன் டிரம்மின் முகத்தைத் தேய்த்துத் துடையுங்கள், மரையில் எண்ணெய் வேண்டாம். டயர் போடுவதற்கு முன்பே வெறும் ரிம்மை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். டயர் போட்ட பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. புது ரிம்மில் இது கட்டாயம்.

பிற்சேர்க்கை

இறக்கிய பிறகு முன் சக்கரம் இரண்டும் கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்து நிற்கிறது, ஏதோ வளைந்துவிட்டதா என்று ஒரு வாசகர் பதறிப்போய் எழுதியிருந்தார். வளையவில்லை. இரு சக்கர இழுவை எஃப்-250-இல் முன்னால் ட்வின் ஐ-பீம், அதாவது சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு தனி இரும்பு பீம். தூக்கும்போது பீம் தொங்கிச் சக்கரம் சாயும், இறக்கினாலும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பத்தடி உருட்டினால் நிமிர்ந்துவிடும்.

இன்னொருவர் வைத்திருப்பது பழைய டாட்ஜ். இடது பக்க நட் அசையவே இல்லையாம். பழைய டாட்ஜ், வில்லிஸ் வண்டிகளில் இடது பக்கம் எதிர்மரை. ஸ்டட் முனையில் எல் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வலப்புறம் சுற்றிக் கழற்றுங்கள்.

நான்கும் மாற்றியாயிற்று என்று ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள். அதுவும் 16.5-தான், அதற்கும் ஒரு ரிம் சேர்த்தே வாங்குங்கள். கழற்றிய பழைய ரிம்களைச் சும்மா சாலையோரம் வைக்க வேண்டாம். விற்றாலும் கொடுத்தாலும் 16.5 என்று வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.