குழந்தைக்கு முகக்கவசம் பழக்குவது எப்படி?

என் மகளுக்கு மூன்றரை வயதில் கடும் இருமல். மருத்துவரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகிற வழியில் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினேன். ஒரு நொடி பேசாமல் இருந்தாள். அப்புறம் பிய்த்து எறிந்துவிட்டு, வாசல் வரை அழுதுகொண்டே வந்தாள். அவள்மேல் தப்பே இல்லை. முதல்முறையாக ஏதோ ஒன்று வந்து மூக்கை மூடுகிறது, அதுவும் உடம்பு முடியாத நாளில்.

இங்கே சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் வெளியே போகவே முகக்கவசம் கட்டாயமானது. 2023 பிப்ரவரியில் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதற்குப் பிறகு வளர்கிற பிள்ளைகளுக்கு இது பழக்கமில்லாத பொருள். அதனால் பிள்ளை நன்றாக இருக்கும்போதே, வீட்டில் விளையாட்டாகத் தொடங்குங்கள்.

முதலில் வயது

இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து. எந்த வயதானாலும், தானே கழற்றத் தெரியாத பிள்ளைக்கும் தூங்குகிற பிள்ளைக்கும் போடக்கூடாது. ஐந்து வயது வரை கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020இல் சொல்லியிருக்கின்றன. ஆகவே மூன்று, நான்கு வயதில் நாம் செய்வது பழக்குவது மட்டும்தான். அடம்பிடித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

படி 1: சரியான அளவு

பெரியவர்களுடையதை மடித்துப் போட்டால் கன்னத்தின் ஓரத்தில் இடைவெளி விழும், கண்ணுக்குள்ளும் ஏறும். சிறுவர் அளவு வாங்குங்கள். புதிய பொட்டலத்தில் ஒரு வாசம் இருக்கும். நமக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு மூன்று நிறத்தில் வாங்கி, எது வேண்டும் என்று அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

படி 2: பொம்மைக்கு முதலில்

எங்கள் வீட்டில் கரடிப் பொம்மைக்குத்தான் முதல் முகக்கவசம். கரடிக்குக் காது மேலே இருந்ததால் கயிறு நிற்கவில்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். “கரடிக்கு இருமல், மற்றவர்களுக்கு வரக்கூடாது இல்லையா?” என்றேன். அன்று மாலையே கரடியை மடியில் வைத்து அதே வார்த்தைகளை அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படி 3: முகம் காணாமல் போகவில்லை

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அம்மாவின் வாய் மறைந்துவிட்டால், அம்மா கோபமா சிரிப்பா என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கண்ணாடி முன்னால் இருவரும் நில்லுங்கள். உங்கள் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு சிரியுங்கள். “நான் சிரிக்கிறேனா, இல்லையா?” கழற்றிக் காட்டுங்கள். கண்ணோரம் சுருங்குவதை என் மகள் மூன்றாவது முறையே கண்டுபிடித்துவிட்டாள். பிறகு அவள் முறை, நான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த விளையாட்டை அவசரப்படாமல் பல நாள் ஆடலாம்.

படி 4: மாட்டுவது

கை கழுவிய பிறகு, நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே. காதுக் கயிற்றை அவர்களே மாட்டட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மூக்குக் கம்பியை மட்டும் நீங்கள் மெதுவாக அழுத்திவிடுங்கள். கழற்றவும் சொல்லிக்கொடுங்கள்: கயிற்றைப் பிடித்து, முன்பக்கம் தொடாமல். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்று தெரிந்தால்தான் போட்டுக்கொள்ளத் துணிவு வரும்.

காது வலிக்கிறது என்றால், தலைப்பட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டன் தைத்து, கயிற்றை அதில் மாட்டுங்கள்.

படி 5: மின்தூக்கிப் பயணம்

முதலில் பத்து எண்ணும் வரை போதும். அடுத்து மின்தூக்கி. நாங்கள் பதினோராம் மாடி. உள்ளே நுழைந்ததும் போடுவாள், எண்கள் இறங்குவதைப் பார்த்துச் சத்தமாக எண்ணுவாள், கதவு திறந்ததும் கழற்றிவிடுவாள். இவ்வளவு நேரம்தான் என்று பிள்ளைக்கே தெரிவதால் இது நல்ல பயிற்சி. அப்புறம் பேருந்தில் இரண்டு நிறுத்தம். ஓடி விளையாடும்போது வேண்டாம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். “போடலேன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு” என்று தாத்தா பாட்டி அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதைக் கேட்ட பிள்ளைக்கு முகக்கவசமும் பயம், மருத்துவரும் பயம். பதிலாக, மாட்டி முடித்ததும் ஒரு கைத்தட்டல் கொடுக்கச் சொல்லுங்கள்.

புகைமூட்டம் வந்தால்? 2013 ஜூனில் காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401 வரை போனதை இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டோம். சாதாரண முகக்கவசம் புகையின் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. நுண்துகளைத் தடுக்கும் என்95 முகக்கவசம் பெரும்பாலும் பெரியவர்கள் முகத்துக்காகச் செய்தது, சின்ன முகத்தில் பொருந்தி உட்காராது. அந்த நாளில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துச் சன்னலைச் சாத்துவதுதான் நல்லது.

மருந்தகம் போகும் நாளில் பையில் மூன்று முகக்கவசம் வையுங்கள். எச்சிலும் சளியும் பட்டு ஈரமானால் மூச்சுவிடச் சிரமம், உடனே மாற்ற வேண்டும். நுழைவதற்குச் சற்று முன் போட்டால் போதும், வீட்டு வாசலிலேயே வேண்டாம். அடுத்தமுறை போனபோது என் மகள் கதவருகே நின்று, “அம்மா, மின்தூக்கி மாதிரி எண்ணலாமா?” என்றாள். எங்கள் எண் வருவதற்குள் நாற்பது வரை எண்ணிவிட்டோம்.