மொட்டை மாடி ஷீட் கூரை: சுமைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை மொட்டை மாடிகளில் வரிசையாக ஷீட் கூரை ஏறிவிட்டது. ஒழுகாது, நிழல் தரும், மழைக்காலத்தில் துணி காயும். நல்லதுதான். ஆனால் அதற்குப் போடும் சுமைக் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஷீட்டின் எடை, பழுது பார்க்க ஏறும் ஆளின் எடை, அவ்வளவுதான். இரண்டும் கீழ்நோக்கி அழுத்துபவை. இங்கே காற்று கூரையை மேலே தூக்கும்.

கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875; காற்றுக்கான அதன் மூன்றாம் பகுதியின் வரைபடப்படி நம் மாவட்டத்தின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். இதைச் சராசரி வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில், 3 நொடி நீடிக்கும் வீச்சின் வேகம் அது. 50 ஆண்டு மீள்காலத்துக்கு, அதாவது சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வீச்சுக்கு, வகுத்தது. அதையும் அப்படியே காற்றழுத்தச் சூத்திரத்தில் போடக் கூடாது. குளச்சல் கடலோர வீட்டுக்கும் தக்கலைத் தெருவுக்குள் ஒடுங்கிய வீட்டுக்கும் நிலப்பரப்புக் காரணி (சுற்றுப்புறத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப வேகத்தைத் திருத்தும் எண்) வேறு. குன்றின் உச்சியில் கட்டினால் அதற்குத் தனிக் காரணி உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று குவிந்து வருவதால்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் கட்டுபவர் அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது என்பேன்.

காரணிகள் எல்லாம் 1 என்றே வைத்துக்கொள்வோம். 39-ன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் காற்றழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன், அதாவது 93 கிலோ. ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. இந்த அழுத்தத்தில் எவ்வளவு பங்கு கூரையைத் தூக்குகிறது என்று சொல்லும் அழுத்தக் குணகம், கூரையின் வடிவத்தையும் பக்கச் சுவர்கள் திறந்திருப்பதையும் பொறுத்து மாறும். எப்படி மாறினாலும், ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30 போன்ற நாளில் இந்த எடை கூரையைப் பிடித்து வைக்காது.

மிக ஆபத்தான பிழை சுமைச் சேர்க்கையில், அதாவது சுமைகளைக் காரணிகளால் பெருக்கி ஒன்றுசேர்க்கும் இடத்தில், நடக்கிறது. பழக்கத்தில் எல்லாவற்றையும் 1.5-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். தூக்குவிசையைச் சரிபார்க்கும்போது நிலைச்சுமைக்கு (கூரையின் சொந்த எடைக்கு) 0.9, காற்றுக்கு 1.5 என்பதே விதி. கூரையின் எடை நமக்குத் துணை நிற்கும் இடத்தில் அதைப் பெருக்கிக் காட்டினால், இல்லாத பாதுகாப்பு தாளில் மட்டும் இருக்கும்.

கீழே இருக்கும் தளத்தையும் மறக்க வேண்டாம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875-ன் இரண்டாம் பகுதி தரும் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஷீட் போட்டு அறையாக்கிய பிறகு செல்லாது. குடியிருப்பு அறைக்கு 2, நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு 5. இவை குறைந்தபட்ச அளவுகள். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன்; அதன் கால்கள் நிற்கும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் கூரை பறக்கலாம். கம்பத்தின் அடித்தட்டை ஓடு பதித்த மேல்பூச்சிலோ கைப்பிடிச் சுவரின் செங்கல்லிலோ போல்ட் போட்டு நிறுத்துகிறார்கள். வெல்டர் வேலையைத் தொடங்கும் முன்பே பூச்சை உடைத்து, போல்ட் உத்திரத்தின் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.