1967-இன் ஆல்பங்களை எப்படிக் கேட்பது?

1967-இல் வந்த சைக்கடெலிக் ராக் (மயக்கமும் கனவும் கலந்த உணர்வைத் தரும் ராக் இசை) ஆல்பங்களைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பலர், பிரபலமான பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று நின்றுவிடுகிறார்கள். அந்த வருஷம் நடந்த பெரிய காரியம், எல்பி இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தை, சுமார் 20 நிமிடத்தை, ஒரே படைப்பாக யோசிக்கத் தொடங்கியதுதான். பின்னால் வந்த புரோக்ரசிவ் ராக், அதாவது நீளமான, சிக்கலான ராக் இசை, முழுக்க அந்த யோசனையில் முளைத்தது. அதனால் பக்கம் பக்கமாகக் கேளுங்கள். நான் இந்த இசைக்கு அடிமையானதும் அப்படிக் கேட்டுத்தான்.

முதலில் செல்போனைச் சரிசெய்யுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். 'டீலக்ஸ்' பதிப்பு என்றால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பரில் 13 பாட்டு. பிங்க் ஃப்ளாய்டின் பைப்பரிலும் லவ் குழுவின் ஃபாரெவர் சேஞ்சஸிலும் பதினொன்று பதினொன்று. அதற்குமேல் வருவதெல்லாம் பிற்காலச் சேர்க்கை. ஆல்பத்தின் கடைசிச் சத்தம் அடங்கியதும் ஒத்திகைப் பதிவு ஒன்று வந்து விழுந்தால், அந்த முடிவுக்காக உழைத்தவர்களுக்கு அநியாயம்.

எதிலிருந்து தொடங்குவது? எல்லாரும் பீட்டில்ஸைச் சொல்வார்கள். நான் லவ் குழுவின் ஃபாரெவர் சேஞ்சஸைச் சொல்வேன். தமிழ் சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு வயலின் கூட்டமும் டிரம்பெட்டும் அந்நியமில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பதிவாகி 1967 நவம்பரில் வந்த இந்த ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கித்தாரின் இரைச்சல் குறைவு. அகூஸ்டிக் கித்தாரைச் சுற்றி டேவிட் ஏஞ்சல் அமைத்த வயலின்களும் பித்தளை வாத்தியங்களும். முதல் பாட்டான 'அலோன் அகெய்ன் ஆர்' குழுவில் ஒருவரான பிரையன் மெக்லீன் எழுதியது. நடுவில் எழும்பும் டிரம்பெட்டுக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மீதியில் பெரும்பாலானவை குழுவின் தலைவர் ஆர்தர் லீ எழுதியவை. அவருக்கு அப்போது 22 வயது. குரல் மென்மையாக இருக்கும், சொல்வதெல்லாம் சாவைப் பற்றி இருக்கும். அமெரிக்கப் பட்டியலில் 154-ஆம் இடத்துக்குமேல் இது ஏறவே இல்லை என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கடைசிப் பாட்டான யூ செட் தி சீன் ஏறக்குறைய ஏழு நிமிடம். பாதியில் அது வேறொரு பாட்டாக மாறும். அந்த இடத்தில் எழுந்து போகாதீர்கள்.

அப்புறம் பீட்டில்ஸ். சார்ஜென்ட் பெப்பரை மோனோவில் (இரு காதிலும் ஒரே ஒலி வரும் கலவை) கேட்க முடிந்தால் மோனோவிலேயே கேளுங்கள். அன்று இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் மோனோ பிளேயர்தான். அதனால் குழுவினர் கூடவே இருந்து வாரக்கணக்கில் கலந்தது மோனோவைத்தான். ஸ்டீரியோவை ஸ்டுடியோக்காரர்கள் பிற்பாடு சில நாளில் முடித்தார்கள். என் அண்ணன் மகள் பாட்டு கற்றவள். அவளுக்கு ஷீஸ் லீவிங் ஹோமை முதலில் பழைய ஸ்டீரியோவிலும் உடனே மோனோவிலும் போட்டேன். ஹார்ப் தொடங்கியதுமே, "சுருதி ஏறியிருக்கே, சித்தப்பா" என்றாள். உண்மைதான். மோனோவில் அந்தப் பாட்டு கொஞ்சம் வேகமாகவும் உயரமாகவும் ஓடுகிறது. சோகம் இழுபடாமல் நறுக்கென்று நிற்கிறது. 2009-இல் வந்த மோனோ சிடி தொகுப்பிலோ 2014-இல் வந்த மோனோ எல்பியிலோ இதைக் கேட்கலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2017-இல் செய்த ஸ்டீரியோ கலவையைப் போடுங்கள். மோனோவை அளவுகோலாக வைத்துச் செய்தது அது.

ஏழாவது பாட்டான மிஸ்டர் கைட் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவையுங்கள். முதல் பக்கம் அங்கே முடிகிறது. சர்க்கஸ் ஆர்கன் ஒலிநாடாக்களைத் துண்டு துண்டாக வெட்டி, கலைத்துப்போட்டு, மறுபடி ஒட்டி உண்டாக்கிய அந்தச் சுழல் கொஞ்சம் அடங்கட்டும். பிறகு இரண்டாம் பக்கத்தைத் தொடங்குங்கள். தம்புராவோடு வித்தின் யூ வித்தவுட் யூ வரும். இடைவெளி விடாமல் ஓடவிட்டால், சர்க்கஸுக்குப் பின்னால் தம்புரா தப்பித் தவறி வந்ததுபோல் இருக்கும். தட்டைத் திருப்பிப் போட்டவருக்கு அது ஒரு புது வாசல்.

இந்தப் பாட்டில் பீட்டில்ஸில் ஜார்ஜ் ஹாரிசனைத் தவிர வேறு யாரும் இல்லை. தில்ரூபாவும் (வில்லால் வாசிக்கும் வடஇந்திய வாத்தியம்) தபலாவும் வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள். ஸ்வரங்கள் நம் ஹரிகாம்போதியினுடையவை. முதலில் 16 எண்ணிக்கை. நடுவில் வாத்தியங்கள் மட்டும் வரும் பகுதியில் அது பத்தாக மாறும். அங்கே ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு போட்டுப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். தில்ரூபாவும் சித்தாரும் மாறி மாறிப் பேச, எட்டு வயலினும் மூன்று செல்லோவும் தில்ரூபாவின் வழுக்கலைப் பின்தொடர முயல்கின்றன. மேற்கத்திய வயலின்காரர்களைக் கமகம் போல வழுக்கி வாசிக்கவைக்க ஜார்ஜ் மார்ட்டின் எவ்வளவு மெனக்கெட்டிருப்பார் என்பது தாளம் போட்டுக் கேட்கும்போதுதான் தெரியும்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டான எ டே இன் தி லைஃபை நல்ல சத்தத்தில் கேளுங்கள். 40 வாத்தியக்காரர்கள் 24 பாரில் (தாள வட்டத்தில்) அவரவர் வாத்தியத்தின் அடி ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு, அவரவர் போக்கில் ஏறுகிறார்கள். இறுதியில் பல பியானோக்களில் ஒரே சமயம் அடித்த ஒரு கார்டு (ஸ்வரக் கூட்டு). முழுதாக மறைய 40 நொடிக்கு மேல் ஆகும். அது தேயும் வரை வேறெதுவும் செய்யாதீர்கள்.

அதே மாதங்களில், பீட்டில்ஸ் பதிவு செய்த அதே இ.எம்.ஐ. நிறுவனக் கட்டடத்தின் இன்னொரு ஸ்டுடியோவில் பிங்க் ஃப்ளாய்ட் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் அதற்கு முன் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர். தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான் என்ற அந்த ஆல்பத்தை பிற்கால ஃப்ளாய்டை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் ஏமாறுவீர்கள். இது குழுவின் அன்றைய பாடகர் சிட் பாரெட்டின் உலகம்: குள்ளர்கள், பூனை, சைக்கிள், நடுவே விண்வெளி. இதற்கு ஸ்டீரியோவும் ஹெட்போனும் வேண்டும். இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ் ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும். தொடக்கத்தில் இறங்கி வரும் அந்தக் கித்தார் வரியை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் அது கலைந்துபோய், வெகுநேரம் தாளமும் பிடிமானமும் இல்லாமல் அலையும். கச்சேரியில் பல்லவிக்குத் திரும்புவதற்காகக் காத்திருப்பதுபோல் காத்திருங்கள். முடிவு நெருங்கும்போது அந்த வரி திரும்பி வந்து இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தாவும். பழைய அமெரிக்க எல்பி கையில் கிடைத்தால் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். அஸ்ட்ரானமி டாமினியும் பைக்கும் அதில் கிடையாது.

அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி, சிங்கிளாக (தனித் தட்டாக) வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் விடுவார்கள். அதனால் பிப்ரவரியில் வந்த பீட்டில்ஸின் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர், மே மாதம் வந்த புரோகல் ஹாரமின் எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல், ஜூனில் வந்த பிங்க் ஃப்ளாய்டின் சீ எமிலி ப்ளே மூன்றையும் தனியாகத் தேடிக் கேட்டுவிடுங்கள். ஹெண்ட்ரிக்ஸின் ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டுக்கு வழிகாட்டி தேவையில்லை. டோர்ஸின் முதல் ஆல்பத்தில் தி எண்டை மட்டும் இரவில் கேளுங்கள். டிசம்பரில் வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பம் கடைசியில் இருக்கட்டும்.

புரோக்ரசிவ் ராக்கை நோக்கிப் போகிறவர்கள் தவறவிடக் கூடாதது மூடி ப்ளூஸின் டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட். விடியலிலிருந்து இரவு வரை ஒரே நாள்தான் முழு ஆல்பமும். பாட்டுகளை இணைக்கும் ஆர்கெஸ்ட்ரா பகுதிகள், பீட்டர் நைட் எழுதி நடத்தியவை, சில இடங்களில் எனக்குத் திகட்டும். ஆனாலும் தள்ளிவிடாதீர்கள். உண்மையான வயலின்களுக்கும் மெல்லோட்ரானுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் முன்பே பதிந்த வயலினோ புல்லாங்குழலோ ஓடும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும். மூடி ப்ளூஸில் அதை வாசித்த மைக் பிண்டர் அந்த வாத்தியத்தைச் செய்யும் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். நைட்ஸ் இன் வைட் சாட்டினில் குரலுக்குப் பின்னால் லேசாக நடுங்கி, பனிமூட்டம் போல நிற்பது மெல்லோட்ரான். கடைசியில் வந்து சேர்வது நிஜ ஆர்கெஸ்ட்ரா. சேரும் இடம் எது என்று காது சொல்லும்வரை கேளுங்கள்.

அது பிடிபட்ட பிறகு 1969 அக்டோபரில் வந்த கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்துக்குப் போகலாம். மூடி ப்ளூஸின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கோடுதான் அதைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒத்துவராமல், அதுவரை பதிந்ததை விட்டுவிட்டுத் தாங்களே தயாரித்தார்கள். மொத்தம் ஐந்தே பாட்டு. மூன்றாவதான எபிடாஃபில் அதே மெல்லோட்ரானை இயன் மெக்டொனால்ட் வாசிக்கிறார். இந்த முறை துணைக்கு ஆர்கெஸ்ட்ராவே கிடையாது. முதல் பக்கம் அந்தப் பாட்டோடு முடியும். அங்கேயும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மேலே போங்கள்.