சின்ன மேசையில் போக்கர்: முதல் தடவை உட்காரப் போகிறவர்களுக்கு

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவன். தாத்தா வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஓடும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே சீட்டு பழகினேன். அந்த ஆட்டத்தில் ஜாக்குதான் ராஜா, அதற்கு 30 புள்ளி, அடுத்து ஒன்பதுக்கு 20, நிஜ ராஜாவுக்கு வெறும் 3. அந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டில் முதல் தடவை போக்கர் மேசையில் உட்கார்ந்தபோது கையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தன, என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். போக்கரில் அது சாதாரணச் சீட்டு. சிரித்ததைப் பார்த்த இரண்டு பேர் சீட்டைக் கீழே போட்டு விலகினார்கள், சிரிப்பை நம்பாத மூன்றாவது ஆள் என்னிடம் இருந்ததில் பாதியை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் விடுமுறைக்குப் போகிற இடங்களில் எல்லாம் சின்ன மேசைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதை வைத்துச் சோறு தின்கிற ஆள் நான் இல்லை. வேலை வேறு, வீடு வேறு, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆசைக்கு ஆடுகிறவன். அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் இது.

முதலில் சட்டம். நம் மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. கடைவீட்டு மாடியில் “நம்ம பசங்கதான், பயப்படாதே மச்சான்” என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். போலீஸ் வந்தால் நடத்தியவன் மட்டுமில்லை, ஆடியவனும் மாட்டுவான். அது போக, அங்கே சீட்டைக் கலைக்கிறவன் யார், பணத்தை வைத்திருக்கிறவன் யார் என்று கேட்கக்கூட முடியாது. மலேசியாவில் சட்டப்படி நடக்கிற ஒரே சூதாட்ட மையம் கெந்திங் மலையில் இருக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. அவானாவில் கேபிள் கார் ஏறுவதற்கு முன்னால், போக்கர் மேசை அன்றைக்கு ஓடுகிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். போக்கர் என்று பெயர் போட்ட மேசை எல்லாம் போக்கர் இல்லை. மூன்று சீட்டுப் போக்கர், கரீபியன் ஸ்டட் என்று எழுதியிருந்தால் அது சூதாட்ட மையத்தை எதிர்த்து ஆடுவது, கணக்கு எப்போதும் அவர்கள் பக்கம்தான் சாயும். நாம் பேசுவது ஆளுக்கு ஆள் ஆடுகிற டெக்ஸஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, அதில் சிறந்த ஐந்து சீட்டு ஜெயிக்கும். இதுகூடத் தெரியாது என்றால் முதலில் வீட்டில் பத்து நாள் ஆடிப் பழகிவிட்டு வாருங்கள்.

பணம். மெல்பர்னிலோ லாஸ் வேகஸிலோ 1/2, 1/3 என்று சொல்கிற மேசைதான் அடிமட்டம். பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாகப் போடும் பணம், ஒருவருக்கு ஒரு டாலர், அடுத்தவருக்கு இரண்டு அல்லது மூன்று டாலர் என்று அர்த்தம். கேட்க ஏதோ சில்லறைக் காசு மாதிரி இருக்கும். ஆனால் ஒழுங்காக உட்கார நூறு பெரிய பிளைண்ட் வேண்டும். அமெரிக்காவில் 1/2 மேசைக்கு 200 டாலர் என்று வைத்தால், நம் பணத்தில் கிட்டத்தட்ட 800 வெள்ளி. ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், தப்பாகப் போனால் இரண்டு நிமிடத்தில் அது காலி. அதனால் நான் செய்வது இது: விமான டிக்கெட், ஹோட்டல் மாதிரி இதையும் பயணச் செலவாகவே கிளம்புவதற்கு முன்பே ஒதுக்கிவிடுவேன், ஒரு பயணத்துக்கு மூன்று தடவை உட்காரும் அளவுக்கு. வங்கி அட்டையை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுத்தான் இறங்குவேன். மனைவியிடம் தொகையைச் சொல்லிவிடுவதும் உண்டு. சொல்ல வாய் வராத தொகை என்றால் அது எடுத்துப் போகக்கூடாத தொகை. ஜெயிக்கும்போது நடுவில் சேர்ந்த பணத்திலிருந்து கடைக்காரன் பங்கு, அதாவது ரேக், தனியாகப் போகும், அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி மேசைப் பழக்கம். போனிலோ கணினியிலோ ஆடிவிட்டு நேரே வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், சீட்டில் இல்லை. பொத்தான் கிடையாது, உங்கள் கையும் வாயும்தான் பொத்தான். வாயால் சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. ஏற்றப் போகிறீர்கள் என்றால் சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகளை, தொடுவதற்கு முன்னாலேயே “ரெய்ஸ்” என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்றால், வாயைத் திறக்காமல் ஒரே ஒரு பெரிய சிப்பை நடுவில் போட்டால் அது ஏற்றியதாக ஆகாது, கால் செய்ததாக, அதாவது முன்னால் வைத்தவருக்குச் சமமாகப் போட்டதாகத்தான் கணக்கு. எனக்கு இது நடந்தது, அதுவும் கையில் இரண்டு ஏஸ் இருந்த நேரத்தில். ஒரு 25 டாலர் சிப்பைக் கெத்தாகத் தூக்கிப் போட்டேன். சீட்டுப் பிரித்துக் கொடுக்கும் டீலர் நிதானமாக 22 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். சும்மா மூன்று டாலரில் நாலு பேர் உள்ளே வந்தார்கள், கடைசியில் ஏழும் நாலும் வைத்திருந்தவருக்கு இரண்டு ஜோடி அமைந்துவிட்டது. கோபப்பட யாரும் இல்லை, என்னைத் தவிர. அதே மாதிரி சிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவையாக நகர்த்தவும் கூடாது, முதலில் வைத்தது மட்டும்தான் செல்லும்.

உங்கள் முறை வரும் வரை காத்திருங்கள், சீட்டை முன்னாலேயே தூக்கிப் போடாதீர்கள். சீட்டின் மேல் ஒரு சிப்பை வையுங்கள், இல்லையென்றால் டீலர் தவறிப்போய் அள்ளிவிடுவார், அள்ளிவிட்டால் போனது போனதுதான். மேசையில் இருப்பதை வைத்து மட்டும்தான் அந்தக் கையை ஆட முடியும், பாதியில் பாக்கெட்டில் கைவிட்டுப் பணம் எடுக்க முடியாது. ஜெயித்த சிப்ஸில் கொஞ்சத்தை எடுத்து ஒளித்து வைக்கவும் முடியாது, எழுந்து போகும்வரை எல்லாம் மேசை மேல்தான் இருக்கவேண்டும்.

நம் ஆட்களுக்கு என்றே ஒன்று: கை ஓடிக்கொண்டிருக்கும்போது தமிழில் பேசாதீர்கள். பல இடங்களில் ஆங்கிலம் மட்டும் என்று விதியே உண்டு, ஏனென்றால் இரண்டு பேர் தங்களுக்குள் சீட்டைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். ஒரு மேசையில் எதிரே இருந்த நண்பனைப் பார்த்து “டேய், பசிக்குதுடா” என்றுதான் சொன்னேன், எச்சரிக்கை வாங்கினேன். பசிக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினாலும் ஒருத்தரும் நம்புகிற மாதிரி தெரியவில்லை. நண்பனும் நீங்களும் வேறு வேறு மேசையில் உட்காருவது உத்தமம். முந்நூற்றி நாலில் கூட்டாளி உண்டு, இதில் கிடையாது. நண்பன் என்று அவனிடம் மெதுவாக ஆடினாலே அது மற்றவர்களுக்குச் செய்கிற ஏமாற்று.

சரி, எப்படி ஆடுவது? பெரும்பாலும் ஆடாமல் இருப்பதுதான் ஆட்டம். கேட்க வேடிக்கையாக இருக்கும். நேரடி மேசையில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைதான் ஓடும். இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வரும். அப்படியென்றால் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒருமுறை பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். இந்தச் சலிப்பைத் தாங்க முடியாமல்தான் சின்ன மேசையில் பணம் போகிறது. இவ்வளவு தூரம் டிக்கெட் போட்டு வந்துவிட்டுச் சும்மாவா உட்காருவது என்று ராணியும் ஆறும் வைத்துக்கொண்டு உள்ளே போவோம். போகாதீர்கள். பெரிய ஜோடிகள், ஏஸோடு கிங், ஏஸோடு ராணி, இவற்றை வைத்து ஏற்றி ஆடுங்கள். சின்ன ஜோடி வந்தால் மலிவாக உள்ளே போய்ப் பாருங்கள். முதல் மூன்று சீட்டில் அதே எண் விழுந்து மூன்றாவது சேர எட்டரைக்கு ஒரு வாய்ப்புதான், சேராவிட்டால் விட்டுவிடுங்கள். பட்டன் என்கிற டீலர் வில்லை உங்கள் முன்னால் இருக்கும்போது, அதாவது மற்றவர்கள் எல்லாம் செய்து முடித்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் கடைசியாக முடிவெடுக்கும்போது, கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். முதலிலேயே முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கஞ்சனாக இருங்கள்.

நல்ல சீட்டு வந்தால் விலையை ஏற்றுங்கள். இரண்டு ஏஸ், ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராகச் சுமார் 85 விழுக்காடு ஜெயிக்கும். நாலு பேருக்கு எதிராக என்றால் 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். என் மூன்று டாலர் ஏஸுக்கு நடந்ததும் இதுதான். சின்ன மேசையில் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே கால் செய்வார்கள். 1/3 மேசையில் ஏற்கனவே இரண்டு பேர் மூன்று டாலர் போட்டு உள்ளே இருந்தால் நான் 20க்கு ஏற்றுவேன்.

அப்படியே ஒரு கையைப் பார்ப்போம். 300 டாலரோடு இருக்கிறீர்கள், ஏஸும் கிங்கும். 20க்கு ஏற்றினீர்கள், இரண்டு பேர் வந்தார்கள், நடுவில் சுமார் 65. ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் விழும் மூன்று சீட்டில், கிங், எட்டு, மூன்று. இந்தச் சீட்டுகள் எல்லாம் வேறு வேறு இனம். 40 வையுங்கள், வெட்கப்படாதீர்கள். ஒருவர் கால் செய்கிறார். டர்னில், அதாவது நாலாவது சீட்டில், ஐந்து. 80 வைக்கிறீர்கள். அதுவரை வாயைத் திறக்காத, தொப்பி போட்ட பெரியவர் “ஆல் இன்” என்று மெல்லச் சொல்கிறார், இருப்பதை எல்லாம் வைக்கிறார். நீங்கள் இன்னும் 160 போட வேண்டும், நடுவில் 465 இருக்கிறது. போட்டது வீணாகாமல் இருக்க நாலு தடவைக்கு ஒருமுறைக்கும் கொஞ்சம் அதிகமாக நீங்கள் ஜெயித்தாக வேண்டும். இந்த மாதிரி பெரியவர் இந்த நேரத்தில் இப்படித் தள்ளினால் அவரிடம் எட்டில் மூன்று சீட்டு, மூன்றில் மூன்று சீட்டு, இல்லை கிங்கும் எட்டும் ஜோடியாக இருக்கும். முதல் இரண்டுக்கும் எதிராக உங்களைக் காப்பாற்ற ஒரு சீட்டும் இல்லை. கிங்-எட்டுக்கு எதிராக மிச்சமிருக்கும் மூன்று ஏஸ் மட்டும்தான், கிட்டத்தட்டப் பதினைந்துக்கு ஒரு வாய்ப்பு. சீட்டைப் போட்டுவிடுங்கள். “இவ்வளவு போட்டுவிட்டேனே” என்று மனசு சொல்லும். போட்டது இனி உங்கள் பணம் இல்லை. இதே தள்ளுதலை நாலு பீர் குடித்துவிட்டு ஒவ்வொரு கைக்கும் தள்ளுகிற இளைஞன் செய்தால் வேறு கதை, அவனிடம் கால் செய்யலாம். அதற்குத்தான் சும்மா இருக்கும் நேரத்தில் போனைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள் என்கிறேன்.

பொய்யடிப்பது பற்றி ஒரே வரி: சின்ன மேசையில் வேண்டாம். பார்க்கத்தானே வந்தோம் என்று கால் செய்துகொண்டே இருப்பவனிடம் பொய் விலை போகாது, அவனிடம் நிஜத்தை நல்ல விலைக்கு விற்க வேண்டும்.

இன்னும் சேராத சீட்டைத் துரத்துவதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உங்களைக் காப்பாற்றும் சீட்டுகளை எண்ணி, இரண்டு சீட்டு வரவேண்டியிருந்தால் நாலால், ஒன்று மட்டும் பாக்கி என்றால் இரண்டால் பெருக்குங்கள். ஒரே இனத்தில் நாலு சீட்டு இருந்தால் மிச்சம் ஒன்பது, ஃப்ளாப்பில் கிட்டத்தட்ட 35 விழுக்காடு, டர்ன் முடிந்த பிறகு 20க்குக் கொஞ்சம் கீழே. நடுவில் 100 இருக்கும்போது ஒரு சீட்டைப் பார்க்க ஒருவர் 100 கேட்டால் நஷ்டம், 20 கேட்டால் பாருங்கள்.

“விட்டதைப் பிடிக்கிறேன்” என்ற நினைப்பு வந்ததும் எழுந்திருங்கள். எனக்கு அந்த நேரத்தில் காது சூடாகும், அது என் அடையாளம். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும், கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் இடத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பார்கள், எவ்வளவு நேரம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழக வேண்டுமென்றால் வீட்டிலேயே பழகலாம், காசு வேண்டாம். நாங்கள் நாலைந்து பேர் வெள்ளிக்கிழமை இரவு சிப்ஸ் பெட்டியைத் திறந்து, ஆளுக்குச் சமமாகப் பிரித்துப் புள்ளிக்கு மட்டும் ஆடுகிறோம். காசு இல்லாவிட்டால் எல்லாரும் எல்லாக் கைக்கும் உள்ளே வருவார்கள் என்பது உண்மைதான், ஆனால் ரெய்ஸ் என்று வாயால் சொல்லவும், கை நடுங்காமல் சிப்ஸ் எண்ணவும், நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே போகவும் அது போதும். முறை வைத்து டீலராக உட்காருங்கள், அதில்தான் விதிகள் சீக்கிரம் ஏறும். முதலில் சிப்ஸ் காலியானவர் கடைசியில் எல்லாவற்றையும் நிறம்வாரியாக அடுக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும், அப்புறம் எல்லாருமாக மாமாக் கடைக்குப் போய் தே தாரிக் குடித்துக்கொண்டே அந்த ஒரு கையைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போடுவோம்.