பைத்தானில் ஸ்பேம் வடிகட்டி: பூஜ்யம் என்னை ஏமாற்றிய இடம்

நேயிவ் பேய்ஸ் (சொற்களின் நிகழ்தகவுகளைப் பெருக்கி, செய்தி எந்த வகை என்று ஊகிக்கும் முறை) புரிய வேண்டுமானால் ஒரு ஸ்பேம் வடிகட்டியைக் கையாலேயே எழுதிப் பாருங்கள். பைத்தானில் ஃபைலைத் திறந்து படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சைக்கிட்-லேர்ன் என்ற ஆயத்த இயந்திரக் கற்றல் நூலகம் இப்போதைக்கு வேண்டாம். நாலு வரியில் விடை வந்துவிடும், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது.

படி 1: யூசிஐ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அர்வைன்) தரவுத் தளத்திலுள்ள எஸ்எம்எஸ் ஸ்பேம் கலெக்‌ஷனை இறக்குங்கள். 5,574 ஆங்கிலக் குறுஞ்செய்திகள்; அவற்றில் 747 ஸ்பேம். நன்றாகக் கலைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

படி 2: மீதியில் சொற்களை எண்ணுங்கள். ஸ்பேமுக்கு ஒரு கவுண்டர், நல்லதுக்கு ஒரு கவுண்டர்.

படி 3: எனக்கு இரண்டு நாள் போனது இங்கேதான். மொத்தத்தில் ஸ்பேமின் பங்கை எடுத்து, செய்தியிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஸ்பேமில் வரும் நிகழ்தகவால் (ஸ்பேமில் அந்தச் சொல் வந்த தடவை / ஸ்பேமின் மொத்தச் சொற்கள்) பெருக்கிக்கொண்டே போக வேண்டும். நல்லதுக்கும் அப்படியே. எது பெரிதோ அதுதான் விடை. (சொற்களுக்குள் உறவே இல்லை என்று இதில் நினைத்துக்கொள்கிறோம். பச்சைப் பொய், ஆனாலும் வேலை நடக்கிறது.)

சோதனைச் செய்திகளில் எனக்கு 87 சதவீதத்தை ஒட்டிச் சரியாக வந்தது. குஷியில் நண்பனிடம் காட்டினேன். "ஸ்பேம்ல எத்தனைய புடிச்சுது?" என்றான். எண்ணினால் சொற்பம். எல்லாவற்றையும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 86.6 சதவீதம் வந்துவிடும்!

காரணம், பயிற்சியில் வராத ஒரே ஒரு சொல். அதன் நிகழ்தகவு 0, பெருக்கினால் மொத்தமும் 0. ஸ்பேமில் வரும் போன் நம்பர்கள் பெரும்பாலும் புதியவை, ஆகவே இரண்டு பக்கமும் பூஜ்யம். 'ஸ்பேம் பெரிதென்றால் ஸ்பேம், இல்லையேல் நல்லது' என்று நான் எழுதியிருந்ததால் சமன் எல்லாம் நல்லது பக்கம் விழுந்தது.

இதற்கு லாப்லாஸ் வழி: நிகழ்தகவுப் பின்னத்தின் மேலே 1 கூட்டுங்கள், கீழே தனிச்சொற்களின் (திரும்பத் திரும்ப வந்தாலும் ஒருமுறை மட்டும் எண்ணிய சொற்கள்) எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஸ்பேமில் மொத்தம் 40 சொல், தனிச்சொற்கள் 70 என்றால், வராத சொல்லுக்கு 1/110. அந்த 70 இரண்டு வகையும் சேர்ந்த கணக்கு. நான் முதலில் ஸ்பேமின் தனிச்சொற்களை மட்டும் போட்டு மறுபடி சொதப்பினேன்.

படி 4: பெருக்காதீர்கள், லாக் (மடக்கை) எடுத்துக் கூட்டுங்கள். 0.001-ஐ 120 தடவை பெருக்கினால் பைத்தான் 0.0 என்றே சொல்லும். குறுஞ்செய்தியில் இது தெரியாது. நீண்ட மின்னஞ்சலைக் கொடுத்தால் பழைய பூஜ்யம் திரும்ப வந்து நிற்கும்.

பின்சேர்க்கை: தமிழ்ச் செய்திகளைக் கொடுத்தால் சொற்கள் உடைகின்றன என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். சொற்களைப் பிரிக்க ரெஜெக்ஸில் (உரையில் வடிவங்களைத் தேடும் குறியீடு) பின்சாய்கோடு டபிள்யூ (\w, 'எழுத்து அல்லது எண்' என்று பொருள்) போட்டிருப்பீர்கள். பைத்தானின் ரெஜெக்ஸ் கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தாகவே எண்ணாது. 'பரிசு' என்பது 'பர', 'ச' என்று இரண்டாகிவிடும். இடைவெளியில் ஸ்ப்ளிட் செய்துவிட்டு ஓரத்து நிறுத்தக்குறிகளை மட்டும் உதிர்த்தால் போதும். சைக்கிட்-லேர்னுக்குப் போனாலும் அதன் சொல் எண்ணும் கருவியான கவுண்ட்வெக்டரைசரில் இதே சிக்கல் உண்டு. அதில் சொல்லைப் பிரிக்கும் விதியான டோக்கன் பேட்டர்னை மாற்றிக்கொள்ளுங்கள்.