சுகர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், ரத்தம் கொடுத்தது வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று பாருங்கள். டீ குடித்துவிட்டுப் போனால் அது வெறும் வயிறு இல்லை, தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்தது 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி மாற்றிக் காட்டலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் எந்த வகை என்று கேளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாது. முதல் வகையில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. பிள்ளை திடீரென்று இளைத்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நாட்டு மருந்தை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தில் வரும் சுகர் பிரசவத்தோடு போய்விட்டாலும் ஆறு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு அவ்வப்போது பார்க்க வேண்டும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லோரும் சொல்வது, "களிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பது. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அரிசியை விட அதிகம், உண்மைதான், ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கே இருக்கிறது, அதிலும் நைசாக அரைத்த மாவு சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும். களியை விட வேண்டாம், உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் கடைசலையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் கூட்டுங்கள். சீசனில் மாம்பழம் இரண்டு கீற்றோடு போதும், ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

கால்தான் எனக்குப் பெரிய கவலை. சுகர் நரம்பைக் கெடுத்தால் முள் குத்தியதே தெரியாது, புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டி வரலாம். காட்டு வேலைக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள், தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்று டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். வருடம் ஒரு முறை விழித்திரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சிறுநீர் ஆல்புமின், ரத்தக் கிரியாட்டினின், அப்புறம் கால் நரம்பு, இந்த நான்கையும் நீங்களே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.